பழுதுபார்க்கும்போது குளிர்பதன வாயுவைச் சட்டப்படி கையாள்வது

கேள்வி இதுதான்: ஏசி, குளிர்பதனப் பெட்டி, குளிர் அறை போன்றவற்றைப் பழுதுபார்ப்பவர், கம்ப்ரஸரை மாற்றும்போதும் குழாயை வெட்டி ஒட்டும்போதும் உள்ளே மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிட்டுப் பிறகு புதிதாக நிரப்புகிறார். இந்த வழக்கம் சட்டத்துக்கு முரணானதா, முறையாகச் செய்வதென்றால் எப்படிச் செய்வது? அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வேறு பல நாடுகளிலும், அவ்வாறு திறந்துவிடுவது தண்டனைக்குரிய செயல். விதிகளின் விவரம் நாட்டுக்கு நாடு மாறினாலும், அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விசாரணைதான்: இயந்திரத்தை விட்டு வெளியே வந்த வாயு எங்கே போனது? எடையையும் சிலிண்டர் எண்ணையும் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடிகிறவர் சட்டத்துக்கு உட்பட்டு வேலை செய்கிறார். முடியாதவர், இயந்திரத்தை எவ்வளவு நன்றாகக் குளிர வைத்துக் கொடுத்திருந்தாலும், அப்படிச் செய்யவில்லை.

விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், எது எந்த வாயுவுக்குப் பொருந்தும் என்ற குழப்பம் பெருமளவு தீரும். அக்காலக் குளிர்பதன இயந்திரங்களில் பரவலாக இருந்த, குளோரின் அடங்கிய சி.எஃப்.சி. வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்களான மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1985-இல் வியன்னா உடன்படிக்கையும், 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறையும் கையெழுத்தாயின. அவற்றுக்கு மாற்றாக வந்த, ஓசோனைக் கெடுக்காத எச்.எஃப்.சி. வாயுக்களும் புவியைக் கடுமையாகச் சூடாக்குகின்றன என்பதால், 2016-இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம் அவற்றையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மான்ட்ரியல் நெறிமுறை கட்டுப்படுத்துவது உற்பத்தியையும், இறக்குமதி ஏற்றுமதியைக் கூட்டிக் கழித்துக் கணக்கிடப்படும் நுகர்வையும்தான். பழுதுபார்ப்பவர் வால்வைத் திறக்கலாமா கூடாதா என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. அதைச் சொல்வது அந்தந்த நாட்டின் சட்டம். ஆகவே, 'உலக ஒப்பந்தம் இருக்கிறது' என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது. உங்கள் நாட்டின் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட விதிகளையும், அழுத்தச் சிலிண்டர்களுக்கான விதிகளையும் தனித்தனியே படிக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கும்.

நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறும் என்பதற்கு, பழைய ஏசிகளில் பரவலாக இருந்த, ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 என்ற வாயு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றுவிட்டன. ஆனால் பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஆர்-22-ஐ இன்றும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 தொடக்கத்திலிருந்தே, மீட்டெடுத்த ஆர்-22-ஐக்கூடப் பராமரிப்புக்குப் பயன்படுத்த முடியாது. வளரும் நாடுகளில் 2030-க்குள் அதை ஏறத்தாழ முழுமையாக நிறுத்த வேண்டும். அதன்பின் 2040 வரை, பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கென்று, அடிப்படை அளவாகக் கொள்ளப்பட்ட நுகர்வில் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 சதவீதம் மட்டும் அனுமதி. ஒரே வாயு, ஒரே வேலை; ஆனால் ஓரிடத்தில் முறையானது மற்றோரிடத்தில் குற்றம்.

காற்றில் விடுவதற்கான தடையைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவு தெளிவான முன்மாதிரி. ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களுக்கு 1992 ஜூலை 1 முதலும், அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களுக்கு 1995 நவம்பர் 15 முதலும் தெரிந்தே வெளியேற்றுவது அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. 'ஓசோனுக்குக் கேடில்லாத புது கேஸ்தானே, விட்டால் என்ன' என்ற பேச்சுக்கு இதுவே பதில். ஆர்-134ஏ, ஆர்-410ஏ, ஆர்-32 எல்லாமே இந்தத் தடைக்குள் வருகின்றன. அதே நேரத்தில் சட்டம் நடக்க முடியாததைக் கேட்கவில்லை. இணைப்புக் குழாயான ஹோஸை மாட்டும்போதும் கழற்றும்போதும், முறையாக மீட்கும் முயற்சியின் ஊடாகத் தவிர்க்க முடியாமல் கசியும் சிறு அளவு மீறலாகக் கருதப்படுவதில்லை. வாயுவை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் சேர்க்கும் மீட்கும் இயந்திரத்தையே எடுத்து வராமல் 'கொஞ்சம்தான் இருந்தது' என்று சொல்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

'கொஞ்சம்' என்பதன் பொருளை எண்ணில் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதியில் உள்ள கணக்கின்படி, ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால் அது 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். குளிர் அறைகளில் அதிகம் இருக்கும் ஆர்-404ஏ-வுக்கு அந்த எண் 3,922, ஆர்-22-க்கு 1,810, ஆர்-134ஏ-வுக்கு 1,430, ஆர்-32-க்கு 675, புரொப்பேன் ஆகிய ஆர்-290-க்கு 3. ஐரோப்பிய ஒன்றியம் கசிவுச் சோதனையைக் கிலோவில் அல்லாமல் இந்தச் சமன் எடையில்தான் கட்டாயமாக்குகிறது. 5 டன் சமன் எடையைத் தொட்டாலே, ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். 50 டன்னில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 500 டன்னில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆர்-404ஏ என்றால் 1.3 கிலோவுக்குள்ளேயே முதல் வரம்பு வந்துவிடுகிறது. ஆர்-32 என்றால் ஏறத்தாழ 7.4 கிலோ வரை போகலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் பெயர்ப்பலகையில் இரண்டைப் படிக்க வேண்டும்: எந்த வாயு, எத்தனை கிலோ.

இனி மீட்டெடுக்கும் வேலைக்கு வருவோம். சட்டம் கடைப்பிடிக்கப்படுவதும் கைவிடப்படுவதும் இந்த அரை மணி நேர வேலையில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். பெயர்ப்பலகை சொல்லும் வாயுதான் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முன்பு வந்தவர் வேறொன்றை நிரப்பியிருக்கலாம். கேஜ் (அழுத்தமானி) காட்டும் அழுத்தத்தை மட்டும் வைத்து வாயுவை அடையாளம் காணவும் முடியாது. ஆர்-12-உம் ஆர்-134ஏ-வும், அதேபோல் ஆர்-410ஏ-வும் ஆர்-32-உம், ஒரே வெப்பநிலையில் மிக நெருங்கிய அழுத்தத்தைக் காட்டுபவை. சந்தேகம் வந்தால் வாயு அடையாளங்காட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால், தனியான, காலியான சிலிண்டரில் எடுத்து 'அறியப்படாத வாயு' என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

ஹோஸ்கள் குட்டையாகவும், முனையில் அடைப்பு வால்வு உள்ளவையாகவும் இருக்க வேண்டும். சர்வீஸ் வால்வின் உள்ளிருக்கும் ஊசியை அதற்குரிய கருவியால் கழற்றிவிட்டால் வேலை மிகவும் விரைவாக முடியும். பாதி நேரம் வீணாவது அந்தச் சிறிய துளையில்தான். சிலிண்டரை முன்பே வேக்யூம் செய்து, அதாவது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது அதில் அதே வாயுதான் இருக்க வேண்டும். சிலிண்டரை எடைமானியின் மேல் வைத்து, தொடங்கும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்கும் இயந்திரத்தின் உள்வழியில் வடிகட்டி ஒன்று இருக்கட்டும், குறிப்பாகக் கம்ப்ரஸர் எரிந்துபோன இயந்திரமாக இருந்தால். முதலில் திரவத்தை எடுங்கள், பிறகு ஆவியை. எடையின் பெரும்பகுதி திரவத்தில் இருப்பதால், ஆவியாகவே இழுத்துக்கொண்டிருந்தால் நேரம் பல மடங்காகும்.

கேஜ் முள் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் ஹோஸைக் கழற்றுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. அப்போது கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்த வாயு இன்னும் உள்ளேயே இருக்கும்; கம்ப்ரஸருக்கு முன்னால் திரவத்தைப் பிடித்துவைக்கும் கலமான அக்குமுலேட்டரின் அடிப்பகுதியில் வெண்பனி படர்ந்திருந்தால், அதற்குள் திரவம் தேங்கி ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மீட்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். முள் மேலே ஏறினால் இன்னும் வாயு இருக்கிறது. கம்ப்ரஸரின் அடிப்பகுதியைச் சற்றுச் சூடாக்கி, மறுபடியும் இழுங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள், வெந்நீரோ சூடேற்றும் பட்டையோ போதும். அழுத்தம் ஏறாமல் நிலைத்து நின்ற பின்பே வேலை முடிந்தது. மீட்கும் இயந்திரத்துக்குள்ளும் ஹோஸிலும் மீந்திருப்பதையும் சிலிண்டருக்குள் தள்ளிவிட்டு, இறுதி எடையைக் குறியுங்கள். பெயர்ப்பலகையில் 1.2 கிலோ என்றிருந்து கைக்கு வந்தது 0.7 கிலோ என்றால், காணாமற்போன அரை கிலோ ஏற்கெனவே கசிந்துவிட்டது என்று தெரிகிறது. கசிவைத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

ஸ்ப்ளிட் ஏசியில் உள்பகுதியை மட்டும் கழற்ற வேண்டியிருந்தால், பம்ப் டவுன் செய்து, அதாவது ஏசியின் கம்ப்ரஸராலேயே இழுத்து, வாயு முழுவதையும் வெளிப்பகுதிக்குள் அடைத்துவைப்பது எளிமையான, முறையான வழி. ஆனால் இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு தவறு உண்டு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் தளர்த்தினாலோ, கசிவுள்ள குழாயை வைத்துக்கொண்டு பம்ப் டவுன் செய்தாலோ, காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரஸருக்குள் அழுத்தப்பட்டுச் சூடாகி, டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றிக்கொள்வது போலவே பற்றி வெடிக்கும். கசிவு இருக்கிறது என்று தெரிந்த இயந்திரத்தில் பம்ப் டவுன் வேண்டாம்; மீட்கும் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்று செய்யப்பட்ட சிலிண்டரில் மீட்ட வாயுவை நிரப்புவது பல நாடுகளில் சட்டவிரோதம், எல்லா நாடுகளிலும் ஆபத்து. அதன் தகடு மெல்லியது, அதைத் திரும்ப நிரப்பவோ மறுபரிசோதனை செய்யவோ வடிவமைக்கவில்லை. மீட்கும் சிலிண்டரின் மேல் பொறிக்கப்பட்ட சோதனைத் தேதியையும் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை என்பது பரவலான விதி. திரவம் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் சூட்டில் திரவம் விரிந்து சிலிண்டரை முழுவதும் நிறைத்துவிட்டால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். 22 லிட்டர் நீர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் ஆர்-22 என்றால் சுமார் 20 கிலோ வரை போகலாம். அதே சிலிண்டரில் ஆர்-32 என்றால் 17 கிலோவைக்கூடத் தொடக் கூடாது, ஏனென்றால் அது அடர்த்தி குறைந்தது. மீட்ட வாயுவோடு எண்ணெயும் கலந்து வரும். எண்ணெய் பெரும்பாலும் இந்தத் திரவங்களைவிட இலேசானது என்பதால், எடைமானி இன்னும் இடமிருக்கிறது என்று காட்டும்போதே சிலிண்டர் நிரம்பியிருக்கக்கூடும். எரிந்த கம்ப்ரஸரிலிருந்து எடுக்கும்போது இதை நினைவில் வைத்து, வரம்புக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

மீட்ட வாயுவைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பது அடுத்த கேள்வி. மூன்று நிலைகள் உள்ளன. இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்து வைப்பது முதல் நிலை. எண்ணெயையும் ஈரத்தையும் அமிலத்தையும் வடிகட்டிகளால் குறைப்பது இரண்டாவது. இப்படிச் சுத்தம் செய்ததை அதே இயந்திரத்திலோ, அதே உரிமையாளரின் வேறு இயந்திரத்திலோ போடுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. மூன்றாவது, ஆலையில் மறுசுத்திகரித்து, ஆய்வகத்தில் சோதித்து, புதிய வாயுவுக்குரிய தூய்மைக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் இதற்கான அளவுகோல், குளிர்பதனத் தொழில் சங்கம் வெளியிட்ட ஏ.எச்.ஆர்.ஐ. 700 என்ற தரநிலை. மீட்டதை வேறொருவருக்கு விற்க வேண்டுமென்றால் இந்த மூன்றாவது நிலையைத் தாண்டியிருக்க வேண்டும். ஒருவர் வீட்டில் எடுத்ததை வடிகட்டி இன்னொருவர் வீட்டில் போட்டுக் காசு வாங்குவது சிக்கனமாகத் தோன்றினாலும், விதி அதை ஏற்பதில்லை.

இங்கே வாயுக்களைக் கலப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சிலிண்டரில் இன்று ஆர்-22, நாளை ஆர்-410ஏ என்று எடுத்தால், அந்தக் கலவையைப் பிரிப்பது மிகவும் கடினம். பெரும்பாலும் அதிக வெப்பச் சூளையில் எரித்து அழிப்பதுதான் ஒரே வழி, அதன் செலவு உங்கள் தலையில் விழும். வாயுவுக்கு ஒரு சிலிண்டர் என்று வைத்துக்கொள்வதைவிட மலிவான ஏற்பாடு வேறில்லை. சிலிண்டரில் காற்று கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது: நிழலில், ஒரே வெப்பநிலையில் பல மணி நேரம் வைத்துவிட்டு, அழுத்தத்தை அந்த வாயுவின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 30 டிகிரி செல்சியஸில் ஆர்-22 கேஜில் ஏறத்தாழ 10.9 பாரும், ஆர்-134ஏ ஏறத்தாழ 6.7 பாரும் காட்ட வேண்டும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் காற்றோ வேறு வாயுவோ உள்ளே இருக்கிறது.

கசிவைச் சரிசெய்யாமல் ஆண்டுதோறும் கேஸ் போட்டுக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் வாயு அதிகம் வெளியேறும் வழி என்பது என் கருத்து; திறந்துவிடுவது ஒரு நாளில் நடக்கும் குற்றம், இது தவணை முறையில் நடக்கும் அதே குற்றம். பெரிய இயந்திரங்களுக்குச் சட்டமும் இதைக் கவனிக்கிறது. அமெரிக்காவில் 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ அல்லது அதற்கு மேல் ஓசோனைக் கெடுக்கும் வாயு கொண்ட இயந்திரத்தின் ஆண்டுக் கசிவு வீதம், வசதிக்கான ஏசியில் 10 சதவீதத்தையும், வணிகக் குளிர்பதனத்தில் 20 சதவீதத்தையும், தொழிற்சாலைக் குளிர்பதனத்தில் 30 சதவீதத்தையும் தாண்டினால், பொதுவாக 30 நாளுக்குள் சரிசெய்து, சரியானதா என்று மறுசோதனையும் செய்ய வேண்டும். கசிவைத் தேட, உலர்ந்த நைட்ரஜனை அழுத்தக் கட்டுப்படுத்தி வழியாக ஏற்றிச் சோப்பு நீரால் பாருங்கள். நுண்ணிய கசிவுக்கு, 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனும் அதற்குரிய கருவியும் உண்டு. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். வாயு மிச்சமிருக்கும் குழாயில் பிரேசிங் செய்தால், அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டினால், வெப்பத்தில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும், குளோரின் உள்ள வாயுவாக இருந்தால் பாஸ்ஜீனும் என நச்சு வாயுக்கள் உருவாகும். முறையாக மீட்பதால் முதலில் காப்பாற்றப்படுவது வேலை செய்பவரின் நுரையீரல்தான்.

போலி வாயு பற்றி ஒரு வார்த்தை. ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு, அதாவது ஆர்-40, கலந்திருந்தது உலகின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அது நச்சு, எரியக்கூடியது, மேலும் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் பொருளை உருவாக்கும். 2011-இல் கப்பல்களில் செல்லும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து, அவற்றில் வேலை செய்தவர்கள் உயிரிழந்ததற்கு இந்தக் கலப்படமே காரணமாகக் கண்டறியப்பட்டது. விலை மிகக் குறைவாக, பில் இல்லாமல் கிடைக்கும் சிலிண்டரை வாங்காதீர்கள். அதேபோல், ஆர்-22-க்காகச் செய்த இயந்திரத்தில் புரொப்பேன் கலவையை நிரப்புவதும் பாதுகாப்பானதல்ல. அந்த இயந்திரத்தின் ரிலேயும் சுவிட்சும், தங்கள் தீப்பொறி எரியும் வாயுவைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை அல்ல.

எரியும் வாயுவுக்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் வேறு கணக்கு. ஆர்-32 மெதுவாக எரியும் வகுப்பு. ஆர்-290, ஆர்-600ஏ எளிதில் பற்றும் வகுப்பு. காற்றில் புரொப்பேன் சுமார் 2 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உள்ள சிறு அளவு ஆர்-600ஏ-வைத் திறந்த வெளியில் விட அனுமதிக்கும் நாடுகள் உண்டு. அங்கேயும் ஹோஸை வெளியே நீட்டி, சாக்கடை, நிலவறை, தீ ஆகியவற்றிலிருந்து விலக்கித்தான் விட வேண்டும், ஏனென்றால் இது காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஆர்-32-க்கு இந்த அனுமதி இல்லை. அதை மீட்க, எரியும் வாயுவுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட இயந்திரம் வேண்டும்.

சான்றிதழ் இல்லாதவர் குளிர்பதனச் சுற்றைத் திறப்பதையும், அவருக்கு வாயு விற்பதையும் பல நாடுகள் தடுக்கின்றன; இயந்திரத்தின் அளவையும் வகையையும் பொறுத்துச் சான்றிதழிலும் படிநிலைகள் உண்டு. பதிவேட்டில் தேதி, இயந்திரத்தின் அடையாளம், வாயுவின் பெயர், வெளியே எடுத்த எடை, உள்ளே போட்ட எடை, சிலிண்டர் எண், கசிவு இருந்த இடம், வேலை செய்தவரின் சான்றிதழ் எண் ஆகியவை இருந்தால் போதும். இதை அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளும், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். அன்றன்றைக்கே எழுதுங்கள், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் எடைகள் வாங்கிய சிலிண்டர்களோடு ஒத்துப்போவதில்லை, தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்ப்பதும் அந்த ஒப்பீட்டைத்தான்.

கடைசியாக, பழைய இயந்திரத்தைக் கழித்துப் போடும் நாள். பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகு, செம்புக் குழாயை வெட்டி எடுப்பவர் வாயுவைப் பற்றி நினைப்பதில்லை. அமெரிக்க விதியின்படி, அந்தச் சங்கிலியின் கடைசியில் இருப்பவர், வாயு ஏற்கெனவே மீட்கப்பட்டுவிட்டது என்ற கையெழுத்திட்ட தாளை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாமே மீட்க வேண்டும். அப்படி ஒரு விதி இல்லாத இடத்திலும் நீங்கள் இதைச் செய்யலாம்: வாயுவை எடுத்து, எடையையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்ரஸரில் கட்டி, அதன் படியை உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயை வடிக்கும் முன் அதையும் சூடாக்கி, கரைந்திருக்கும் வாயுவை இழுத்துவிட வேண்டும். பழைய குளிர்பதனப் பெட்டிகளின் சுவருக்குள் இருக்கும் நுரையில் ஆர்-11 அடைபட்டிருக்கக்கூடும் என்பதால், அவற்றை உடைக்காமல், நுரையையும் கையாளும் வசதியுள்ள மறுசுழற்சி ஆலைக்கு முழுதாகவே அனுப்புங்கள்.